காப்பும் காப்புறுதியும்

இந்தத் தேசத்தில் காய்ச்சல் என்று போய் நின்றால், எத்தனை நாளாய்க் காய்கிறது என்று கேட்பதற்கு முன்னால், பேர் பதிந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். இத்தனை வருசம் இந்த மலையில் கிடந்தும் எனக்கு அது பழகவில்லை. நேற்றுக் காலையும் பார்த்தேன். தோட்டத்து மருந்துக் காம்பராவுக்கு முன்னால் பனியில் நனைந்துகொண்டு சனம் நிற்கிறது. ஆளுக்கொரு போத்தல் கையில், மருந்துத் தண்ணி வாங்க. சன்னலுக்கு அந்தப் பக்கம் டிஸ்பென்சர் ஐயா தலையைத் தூக்காமல் "செக்ரோல்ல பேர் இருக்கா?" என்கிறார். இருந்தால் நாக்கை நீட்டச் சொல்வார். இல்லாவிட்டால் நாக்கு வாய்க்குள்ளேயே இருக்கலாம். செக்ரோல் என்பது வேலையாட்கள் பேரை எழுதி வைக்கிற பெரிய புத்தகம். ஊரில் இருக்கிற நீங்கள் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். துறையூர்ப் பக்கத்தில் எங்கள் வைத்தியர் "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்பார். அப்பன் பேரைச் சொன்னதும் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். இங்கே அப்பன் பேரைச் சொன்னால் எந்த வரிசை வீடு என்று லயத்து நம்பரைக் கேட்கிறார்கள்.

நான் வாக்கப்பட்ட மறு வருசம் இலங்கைக்குக் கப்பல் ஏறியவள். உடப்புசல்லாவைக்கு மேலே இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் பிள்ளை பெற்றேன், புருசனைப் புதைத்தேன். இன்றைக்கும் விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் நின்று, கங்காணி பேர் சொன்னதும் குரல் கொடுக்கிறேன். கொழுந்து எடுக்க விரல் ஓடவில்லை என்று புல்லு வெட்டப் போட்டிருக்கிறார்கள். யாரிடமும் போய் இரு கை ஏந்தி நின்றதில்லை. எழுத்து எனக்கு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் வேறு யாராவது எழுதியதைப் படித்துக்கொள்ளலாம்.

என் கடைசி மகள் பாக்கியம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதுக்கு மேலே கிடையாது. அதற்குப் பிறகு மாதா கோயில் பாதிரியாரிடம் படித்து, பரீட்சை எழுதி, நுவரெலியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் கல்லூரியில் இடம் வாங்கினாள். வேதக்காரப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே முதல் இடம். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அப்படியிருந்தும் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். பேர் பதிய என்னையும் கூட வரச் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் போனது அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த வாரம். காப்புக் கட்டினால் எல்லை தாண்டிப் படுக்கக் கூடாது. அதனால் காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. கல்லூரியில் பாக்கியத்தை எடை பார்க்க உள்ளே கூட்டிப் போனார்கள். விடுதி மேட்ரன் அம்மா என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசுவதும் தமிழ்தான், நான் பேசுவதும் தமிழ்தான். ஆனால் அவர் ஒரு வாக்கியம் சொல்லி முடித்த பிறகும் என் காது அதைப் பிரித்துக்கொண்டே இருந்தது.

"பிள்ளைக்குக் காப்புறுதி கட்டியாச்சோ?" என்றார், எழுதிக்கொண்டே.

"கட்டியாச்சுங்க."

"எங்க கட்டினனீங்கள்?"

"தோட்டத்துலதாங்க. எல்லாருக்கும் ஒரே நாள்ல கட்டிட்டாங்க."

"எல்லாருக்குமோ? நல்ல தோட்டம். உறுதியான இடந்தானே?"

"இதுவரைக்கும் எங்களக் கைவிட்டதில்லைங்க."

மேட்ரன் அம்மா சந்தோசமாய்த் தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்கும் சந்தோசம். வேதக்காரர் பள்ளிக்கூடத்தில் அம்மன் காப்பைப் பற்றி இவ்வளவு அக்கறையாய் விசாரிக்கிறார்களே என்று பஸ்ஸில் வரும்போது பாக்கியத்திடம் சொன்னேன். அவளுக்கு வளைவுகளில் தலை சுற்றிக்கொண்டிருந்தது, காதில் வாங்கவில்லை. திருவிழா முடிந்து, காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்ட பிறகு, தகரப் பெட்டியோடு அவளை விடுதியில் கொண்டுபோய் விட்டேன்.

இரண்டாம் தவணை தொடங்கிக் கொஞ்ச நாளில் கல்லூரியிலிருந்து ஆள் வந்து சொன்னது, பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, வரவும் என்று. போனேன். கட்டிலோடு கட்டிலாய்க் கிடந்தாள். நெருப்புக் காய்ச்சல் என்றார்கள், டைபாய்டுதான். உதடு வெடித்திருந்தது. "ஆத்தா, கிளாஸ்ல நான் விட்டதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள், முதல் பேச்சாக. நெற்றியில் கை வைத்தேன். கல்லை அடுப்பில் போட்டு எடுத்த மாதிரி இருந்தது.

மேட்ரன் அம்மா வெளியே கூப்பிட்டார். விடுதிப் பிள்ளைகளை அவர்கள் டவுனில் ஒரு டாக்டரிடம்தான் காட்டுகிறார்கள், அவருடைய மருத்துவ விடுதியில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். முதல் தடவை டாக்டர் வந்து பார்த்துவிட்டார். இனிமேல் அங்கே கொண்டுபோய் ஊசி போட வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று எழுத்து வேண்டும். "உங்கட தோட்டத்துக்கு அறிவிச்சனாங்கள். தங்களுக்குத் தெரியாது எண்டு மறுமொழி வந்திருக்கு. தோட்டம் கட்டினதெண்டு நீங்கள்தானேயம்மா சொன்னியள்?"

"ஆமாங்க. பூசாரிதான் கட்டுனாரு. மஞ்சக் கயிறு."

மேட்ரன் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கயிறோ?"

"காப்புன்னா வேற எதுலங்க கட்டுவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். காப்புறுதி என்பது நோய் வந்தால் செலவை இன்னார் ஏற்பார் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற ஏற்பாடு, அது இல்லாத பிள்ளையை விடுதியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கல்லூரிச் சட்டம் என்று பொறுமையாய் விளக்கினார். கல்லூரி சேர்ந்திருக்கிற கொம்பனியில் இப்போதும் சேரலாம், ஆனால் கொம்பனி பிரஜாவுரிமைத் தாள் கேட்கும். என்னிடம் எந்தத் தாளும் இல்லை. நான் அந்தக் கரையில் பிறந்தவள், அங்கே போய்க் கேட்டால் இலங்கைக்காரி என்பார்கள். பாக்கியம் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள், அவளை இங்கே இந்தியாக்காரி என்கிறார்கள். "அப்ப தோட்டத்து எழுத்துதான் வழி. சனிக்கிழமைக்குள்ள வரவேணும்" என்றார் மேட்ரன் அம்மா. "வராட்டி நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டி வரும். அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்திடுவினம். அது என்ர கையில இல்லை."

திரும்பி வரும்போது பஸ்ஸின் குலுக்கலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கூட்டி வந்தால் தோட்டத்தில் மருந்து உண்டு, படிப்பு போகும். அந்தக் காய்ச்சலோடு இந்த வளைவுகளில் அவளைக் கொண்டுவந்து சேர்க்க முடியுமா என்பது வேறு. கூட்டி வராவிட்டால் அங்கே படிப்பும் இல்லை, மருந்தும் இல்லை.

டிஸ்பென்சர் ஐயாவிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தோட்டத்துல படுக்குற புள்ளைக்குத்தான் தோட்டத்து மருந்து. ஓம் மக மெத்தையில படுத்து இங்கிலீசு படிக்கிறா. காய்ச்சல் வந்தா மட்டும் லயத்துப் புள்ளையாயிடுவாளா?"

"அவ லயத்துப் புள்ளதாங்கய்யா."

"அப்பன்னா ஒண்ணு செய்யி. அவ பேரையும் செக்ரோல்ல பதிஞ்சிடு. வயசு இருக்கு. பேர் பதிஞ்ச ஆளு எந்த ஆஸ்பத்திரியில கெடந்தாலும் நாங்க எழுத்துக் குடுப்போம். நல்லானதும் கூடையத் தூக்கட்டும்."

"கூடையத் தூக்குனா காலேசுக்கு யாருங்க போறது?"

"நீ போ" என்றார். மருந்து கலக்குகிற பையன்கூடச் சிரித்தான்.

அவர் சொன்னதில் வழி இருந்தது என்பதுதான் எனக்குப் பயம். பேர் பதிந்தால் அன்றைக்கே எழுத்து கிடைக்கும், ஊசி போடுவார்கள். ஆனால் பதிந்த பேரை எடுத்துக்கொண்டு போவது லேசு இல்லை. என் பேர் ஏறிய நாளிலிருந்து நான் எங்கே போனாலும் யாரையாவது கேட்டுவிட்டுத்தான் போகிறேன். அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவில் அவள் பாய் விரித்தபடி கிடந்தது. அவள் போன நாளிலிருந்து நான் அதைச் சுருட்டியதில்லை. சுருட்டினால் ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரட்டுக் களத்திலிருந்து புல்லுக்குப் போகாமல் நேரே ஆபீசுக்குப் போனேன்.

எங்கள் துரை வெள்ளைக்காரர். இங்கே வந்து ஒரு புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர். 'வா, போ, எடு, தா' எல்லாம் நன்றாய் வரும். அதற்கு மேலே போனால் வாயில் ஒன்று வரும், மனசில் ஒன்று இருக்கும். டிஸ்பென்சர் ஐயாவும் ஏதோ தாளோடு அங்கே நின்றார்.

"என்னா கிழவி? வேலை இல்லியா?"

"மகளுக்குக் காய்ச்சல் தொரைகளே. காலேசுல கெடக்குறா. தோட்டம் பொறுப்புன்னு ஒரு எழுத்து வேணும்."

டிஸ்பென்சர் ஐயா இங்கிலீசில் என்னமோ சொன்னார். துரை கேட்டுக்கொண்டு, தாடையைத் தடவி, என்னைப் பார்த்துக் கேட்டார்: "உன் பொண்ணு எங்கே தூங்குது?"

ஆபீசில் நான்கைந்து ஆம்பிளைகள் நின்றார்கள். வயசுக்கு வந்த பிள்ளையைப் பற்றி, பெற்றவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? எழுத்து கிடைக்காமல் போனாலும் போகட்டும் என்று நிமிர்ந்தேன்.

"எம் மக கண்ட எடத்துல தூங்குறவ இல்ல, தொரைகளே. அவ பாயி எங்க காம்பராவுல விரிச்சபடி கெடக்கு. யார வேணும்னாலும் அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க."

"உன் காம்பராவில் தூங்குது?"

"அவ தூங்குற எடம் அதுதான். காலேசுல இருக்கறது படிக்க."

துரை டிஸ்பென்சர் ஐயாவைப் பார்த்தார். "அப்போ, தோட்டத்து ஆள்" என்றார். டிஸ்பென்சர் ஐயா மறுபடி இங்கிலீசில் மறித்துப் பேசினார். துரைக்கு முகம் சிவந்தது. கோபம் என் மேலா, அவர் மேலா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு விரலை என்னிடம் நீட்டினார்: "காய்ச்சல் போனா, சனிக்கிழமை, சனிக்கிழமை, இங்கே தூங்கணும். தூங்காட்டி எழுத்து கேன்சல்." டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

வெளியே வந்ததும் டிஸ்பென்சர் ஐயா என்னைக் கூப்பிட்டார். "என்ன கெழவி, தொரைகிட்டயே மல்லுக்கு நிக்கிற? ஓம் மக எங்க குடியிருக்கான்னுதான் அவரு கேட்டாருடி. அந்தத் தமிழு அவருக்கு வராது." எழுத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அம்மன் கேட்டதும் எல்லை தாண்டிப் படுக்காதே என்றுதான், துரை கேட்டதும் அதைத்தான். அம்மன் திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறாள், இவர் அவிழ்க்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மத்தியான பஸ்ஸிலேயே போய் எழுத்தைக் கொடுத்தேன். மேட்ரன் அம்மா இரண்டு தரம் படித்தார். "சனிக்கிழமையில நித்திரை கொள்ளுறதுக்கோ காப்புறுதி? இப்பிடி ஒண்டை நான் கண்டதேயில்லை" என்றார். அப்புறம் எழுந்து போய்த் தானே கார் பிடித்துவரச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் முதல் ஊசி போட்டுவிட்டார்கள். காய்ச்சல் இறங்கப் பல நாள் ஆயிற்று. முடியெல்லாம் கொட்டி, கழுத்து குச்சியாகி, மறுபடி எழுந்து நின்றாள். எழுந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி லயத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறாள். விளக்கு வைக்கிற நேரத்தில் டிஸ்பென்சர் ஐயா லயத்து வாசல் வழியாக நடந்து போவார். "பாக்கியம்!" என்று ஒரு குரல். "இருக்கேங்கய்யா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். பெரட்டில் நான் சொல்கிற மாதிரியே சொல்கிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள், அது பிடித்திருக்கிறது. லயத்தில் சில பேர் அவளைச் சனிக்கிழமைக்காரி என்கிறார்கள். கல்லூரியில் மற்றப் பிள்ளைகள் சனிக்கிழமை பாட்டு, கூத்து என்று இருக்கும்போது இவள் மட்டும் பஸ்ஸுக்கு ஓடுவதால் அங்கேயும் ஏதோ ஒரு பேர் வைத்திருக்கிறார்களாம். என்ன பேர் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றாள்.

இந்தக் கரைக்கு வந்து பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி என்று கேட்டால் எந்தக் காப்பு என்று திருப்பிக் கேளுங்கள். எங்கே தூங்குகிறாள் என்று கேட்டால் கோபப்படுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் பதிலையும் சொல்லிவிட்டுக் கோபப்படுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் மழை அடித்தது. சத்தத்தில் இரண்டு பேரும் ஒன்றாய் விழித்துக்கொண்டோம். வாசலில் காயப்போட்ட துணி நனைகிறதென்று இரண்டு பேரும் எழுந்து கதவுக்கு ஓடினோம். தூக்கக் கலக்கத்தில், மேற்குச் சுவரோரம் படுத்திருந்த என் கால் துறையூரில் அப்பன் வீட்டுக் கதவு இருந்த கிழக்குப் பக்கம் போனது. கிழக்குச் சுவரோரம் படுத்திருந்த அவள் கால் கல்லூரி விடுதியில் கதவு இருக்கிற மேற்குப் பக்கம் போயிருக்கிறது. காம்பரா நடுவில் ஒருத்தி நெற்றியில் ஒருத்தி முட்டிக்கொண்டு, இருட்டில் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி நின்றோம். எங்கள் காம்பராவுக்குக் கதவு வடக்கே இருக்கிறது. வெளியே துணி நனைந்துகொண்டிருந்தது.