திரும்பிப் பார்த்த காவலர்

ஒரகடத்தில் ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறேன். ஷிஃப்ட் முடிந்த கூட்டம் பரோட்டாவுக்குக் காத்திருக்கிறது. கல்லாவுக்கு மேலே ஓர் அரண்மனையின் பழைய புகைப்படம். மாடங்களும் தூண்களும் படத்தை நிறைக்க, கீழே காவலர்கள் சிறுபிள்ளைகள்போல் தெரிகிறார்கள். ராஜா படத்திலேயே இல்லை. இருந்தும் பார்ப்பவரை அடங்கி நிற்க வைக்கிறது அந்தக் கட்டடம். நானும் அடங்கித்தான் நிற்கிறேன்.

ஒரு காவலரின் முகம் மட்டும் தெளிவில்லாமல் கலங்கலாகப் பதிந்திருக்கிறது.

"அது எங்க பாட்டனாரு," என்கிறார் தெற்கேயிருந்து பிழைக்க வந்த கடைக்கார அம்மா. "படம் புடிக்கையில அசையக் கூடாதுன்னு உத்தரவு. பின்வாசல் காவல்லயே இருந்தவரு, அன்னைக்குத்தான் முன்பக்கம் வந்திருக்காரு. இம்புட்டுப் பெருசான்னு திரும்பி அண்ணாந்து பாத்துட்டாரு. வேலை போச்சு."

மற்றவர்கள் யாரென்று கேட்கிறேன்.

"யாருக்குத் தெரியும் தம்பி? அவுக முகமெல்லாம் தெளிவாத்தான் இருக்கு."