காப்புக் கட்டிய கையில் ஊசி

முதலில் முழங்கையில் காசளவு சிவப்பு. சொறிந்தால் செதில் செதிலாக உதிர்ந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. மில்லில் என்னோடு வேலை செய்தவர்கள் குஷ்டம் என்று பயந்து தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எங்கள் தெரு கம்பவுண்டர் கொடுத்த மாத்திரையில் தோல் பளபளவென்று ஆகிவிட்டது. அது ஸ்டீராய்டு (அழற்சியைச் சட்டென்று அடக்கும் மருந்து). திடீரென நிறுத்தக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குணமானால் நான் தீ மிதிப்பதாக என் மனைவி வள்ளி எனக்காக வேண்டியிருந்தாள். திரௌபதி அம்மன் கோயிலில் மணிக்கட்டில் மஞ்சள் நூல் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டியவன் மருந்து சாப்பிட்டால் அம்மனை நம்பவில்லை என்றுதான் எங்கள் பக்கம் அர்த்தம். மாத்திரையை நிறுத்தினேன்.

சில நாட்களில் உச்சந்தலை முதல் பாதம் வரை சிவந்துபோனது. சித்திரை வெயிலிலும் குளிரில் பல் கிட்டியது. தோல் பாளம் பாளமாக உரிந்தது. வள்ளி ரிக்‌ஷாவில் போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

“மருந்த ஏம்மா நிறுத்துனீங்க? தோலு வழியா தண்ணி பூரா போவுது. உடனே டிரிப் ஏத்தணும்,” என்றார் டாக்டரம்மா, வள்ளி நடந்ததைச் சொன்னதும்.

கை கால் எல்லாம் வீங்கி நரம்பு அகப்படவில்லை. ஒன்றே ஒன்று தெரிந்தது, காப்புக்கு அடியில். நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார்.

“வெட்டாதீங்க! தீமிதி முடியாம காப்ப கழட்டுனா குடும்பத்துக்கே ஆவாதுங்க!” வள்ளி என் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கும் அதே பயம்தான். சாவைவிட அம்மன் கோபம்தான் பெரிதாகத் தெரிந்தது.

“ஆளு முக்கியமா, நூலு முக்கியமா? சீக்கிரம் சொல்லுங்கம்மா,” என்றார் டாக்டரம்மா.

வள்ளி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அந்த மஞ்சள் நூலைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். “கோவம்னா என் மேல வரட்டும்,” என்றாள். ஊசி ஏறியது.

தேறிய பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன், ஏன் இப்படி என்று. நோயின் பெயர் சோரியாசிஸ் என்றார்.

“மில்லு சங்கு ஊதுனா ஷிப்டு ஆளுங்க ஓடியாறாங்க இல்ல? ஒடம்புல காவல் அணுக்கள கூப்புட அப்படி சில புரதம் இருக்கு. உங்களுக்கு அந்தச் சங்கு சும்மா சும்மா ஊதுது. வந்த ஆளுங்க சொந்தத் தோலையே அடிக்கிறாங்க. மாத்திர அத அமுக்கி வச்சிருந்துது. நீங்க ஒரேடியா கைய எடுத்துட்டீங்க.”

“நிறுத்தவே முடியாதாங்க?”

“கொறைக்கலாம். அந்தப் புரதங்கள பத்தி இப்பத்தான் ஆராய்ஞ்சிக்கிட்டு இருக்காங்க.”

இன்று அவற்றை சைட்டோகைன் (உயிரணுக்களுக்கிடையே சேதி சொல்லும் புரதம்) என்கிறார்கள். இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

அந்த வருஷம் வள்ளிதான் தீயில் இறங்கினாள். அவள் பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை. நெருப்புப் பக்கமே போகாத எனக்குத்தான் மாதக்கணக்கில் தோல் உரிந்தது.

மில் சங்கு நின்று வெகுகாலம் ஆகிறது. உள்ளே ஊதுவது மட்டும் நிற்கவில்லை. அரிக்கும் மாதம், அரிக்காத மாதம் என்றுதான் எனக்கு வருஷம் போகிறது. இப்போதும் ஒவ்வொரு தீமிதிக்கும் காப்புக் கட்டும் நாளில் வள்ளி முதலில் மாத்திரையை என் கையில் வைப்பாள். நான் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் பூசாரியிடம் தன் கையை நீட்டுவாள்.