விருந்தாளிக்கு எரித்த எண்ணெய்

மூங்கில் குச்சியை எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கும்போது டிம்ப்னா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். நுனி அடியில் தட்டியதும் குச்சியை உருவி, ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரலைப் படாமல் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒரு விரல் அகலம் என்றால் இரண்டு நாள் தாங்கும். இரண்டு விரல் என்றால் அன்று காலை வானொலியோடு சேர்ந்து பாடுவாள். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எரிவது அந்த எண்ணெயில்தான். கொல்லையில் பச்சையாக நிற்கும் அந்தத் தொட்டியை முழுதாக நிரப்பி இரண்டு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் கணவன் மாலக்கி பெட்ரோல் பங்கிலிருந்து கேனில் வாங்கிவந்து ஊற்றுவதுதான்.

தொட்டியின் மூடியைத் திறக்க அவளுக்கு அடுப்புக் கையுறை வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து பால் எடுக்கவும் அதே கையுறைதான். குடல் புற்றுநோய்க்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து செய்கிற வேலை இது. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல்களில் ஊசி இறங்கும். குளிர்ந்த காற்று உள்ளே போனால் தொண்டை இறுகிவிடும். "கண்ணாடித் தூள முழுங்கினாப்ல இருக்கும்" என்பாள், யாராவது கேட்டால். கேட்காதவர்களிடம் சொல்லமாட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பத்தொன்பது வருடம் சாலையை மறித்து நின்று பிள்ளைகளை அந்தப் பக்கம் சேர்த்தவள். மஞ்சள் கோட்டு, தொப்பி, கையில் ஆளுயரக் கம்பு. அயர்லாந்தின் டைரோன் மலையிலிருந்து ஜனவரியில் இறங்கும் காற்றிலும் வெறுங்கையோடுதான் நிற்பாள். லாரிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, "குளிரலையா டிம்ப்னா?" என்று கத்துவார்கள். "குளிரா? அதெல்லாம் கடலுக்கு அந்தாண்ட, ஸ்காட்லாந்துல!" என்று திருப்பிக் கத்துவாள். அந்தப் பதிலில் இன்றும் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. போன ஆகஸ்டில் மஞ்சள் கோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். சம்பளமும் அதோடு போயிற்று. மாலக்கி முதுகு போய் லாரி ஓட்டுவதை நிறுத்தியதோ அதற்கும் முன்னால்.

இப்போது வீட்டில் மனுஷர் இருக்கக்கூடிய இடம் சமையலறை மட்டும்தான். ஒரு சின்ன மின்சார ஹீட்டரும் இரண்டு நாற்காலிகளும் அங்கே இருக்கின்றன. பாய்லரிலிருந்து படுக்கையறைக்குப் போகும் வெந்நீர்க் குழாயை நவம்பரிலேயே அடைத்தாயிற்று. ஐந்து கம்பளியும் தலையில் குல்லாவுமாகத்தான் படுக்கிறார்கள். விடிந்தால் சன்னலின் உட்பக்கம் பனி பூத்திருக்கும். சுவர் மூலையில் பூஞ்சை கறுத்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஊர்த் தேவாலயத்தில் நடக்கும் எல்லா அடக்கப் பூசைக்கும் டிம்ப்னா போய்விடுகிறாள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்காகப் பாதிரியார் அன்றைக்கு மட்டும் ஹீட்டரைத் தாராளமாகத் திறந்துவிடுவார். இடப்பக்கம் நான்காவது வரிசை, சுவரோரம், அவளுடைய இடம்.

"செத்தது யாருன்னாவது கேட்டுட்டுப் போயேன்" என்பான் மாலக்கி.

"போன வாரம் போனவரு நல்ல மனுஷன்ப்பா. ஒன்றேகால் மணி நேரம் நடந்துச்சு பூசை."

சிரிப்பெல்லாம் அதுவரைதான். பன்னிரண்டு முறை ஏறவேண்டிய மருந்தில் ஏழு ஏறியிருக்கிறது. டிசம்பரில் நெஞ்சில் சளி கட்டி ஒருமுறை தள்ளிப்போட்டார்கள். இன்னொரு தடவை அப்படி ஆனால் மீதியை நிறுத்திவிட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் பதமாகத்தான் சொன்னார். வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லி, கையோடு ஒரு படிவமும் கொடுத்தார். சிகிச்சையில் இருப்பவர்களின் எண்ணெய்த் தொட்டியை அரசாங்கமே நிரப்பித் தரும் உதவி அது. வீட்டைப் பார்க்க ஒருவர் வருவார். அவர் எழுதுவதை வைத்துத்தான் கிடைப்பதும் கிடைக்காததும். ஒரு குளிர்காலத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வருவதாகத் தகவல் வந்தது. டிம்ப்னா பதினோரு மணிக்கே பாய்லரைப் போட்டுவிட்டாள்.

சுவருக்குள் குழாய்கள் முனகிய பிறகுதான் மாலக்கிக்கு விஷயம் உறைத்தது. "என்ன பண்ணிட்டிருக்கே நீ?"

"ஆளு வராங்க."

"எண்ணெய் இல்லங்கறதப் பாக்கத்தானே வராங்க!"

"வரட்டும். என் வீட்டுக்கு வந்தவங்க யாரும் நடுங்கிக்கிட்டே டீ குடிச்சதில்ல."

"எண்ணெய் இல்லன்னு சொல்றதுக்காக எண்ணெய எரிக்கிற ஆளு இந்த அயர்லாந்துலயே நீ ஒருத்திதான்."

"வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. இல்லன்னா கொல்லையில போய் உக்காந்துக்க."

கொல்லையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சத்தியம் செய்தான்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு திறக்காத முன்னறையைத் திறந்து தூசு தட்டினாள். வெந்நீர்ப் பைகள், கம்பளிக் காலுறைகள், சமையலறை ஹீட்டர் எல்லாவற்றையும் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். திராட்சை போட்டு ஸ்கோன் ரொட்டி சுட்டாள். உதட்டுக்குச் சாயம்கூடப் பூசிக்கொண்டாள்.

வந்தவள் பெயர் நோரீன். நாற்பது வயதிருக்கும். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். "அடேயப்பா, என்ன இதமா இருக்கு உங்க வீடு! காருல எனக்குக் காலே வெறைச்சுப்போச்சு."

தன் சமையலைப் புகழ்ந்ததுபோல டிம்ப்னாவின் முகம் மலர்ந்தது. மாலக்கி கூரையைப் பார்த்தான்.

நோரீன் படிவத்தை விரித்தாள். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாய்லர் ஓடும்?"

"வேணுங்கறப்ப."

"குளிருக்காக எந்த ரூமையாவது மூடி வெச்சிருக்கீங்களா?"

"ரெண்டு பேருக்கு எத்தனை ரூம் வேணும்? நீ இன்னொரு ஸ்கோன் எடுத்துக்க, கண்ணு."

"வீட்டுக்குள்ள குளிரு உங்களச் சிரமப்படுத்துதா?"

"எனக்கா? பத்தொம்போது வருஷம் நடுரோட்டுல நின்னவ நான்."

நோரீன் பையிலிருந்து சின்ன வெப்பமானி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். எண் ஏறுவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்றில் நின்றது. நோரீன் எழுதினாள். ஓடும் லாரிகளின் எண்ணைத் தூரத்திலிருந்தே படித்துப் பழகிய டிம்ப்னாவுக்குத் தலைகீழ் எழுத்து ஒரு பொருட்டல்ல. 'அறையின் வெப்பம் போதுமானது.'

நோரீனின் பேனா அங்கேயே நின்றது. "நான் கண்ணால பாக்கறதையும் நீங்க சொல்றதையும்தான் எழுத முடியும். மேல இருக்கறவங்க உங்கள வந்து பாக்க மாட்டாங்க. இந்தத் தாளத்தான் பாப்பாங்க. வேற எதாச்சும் சொல்லணுமா, டிம்ப்னா?"

"வேற என்ன? நல்லாத்தான் இருக்கோம்."

மாலக்கியின் கோப்பை தட்டில் மோதியது. "டிம்ப்னா."

"சத்தியம் பண்ணியிருக்கே நீ."

"உன் பேரத்தானே சொன்னேன். பேரச் சொல்லக் கூடாதுன்னா சொன்னே?"

யாரும் சிரிக்கவில்லை. குழாய்க்குள் வெந்நீர் ஓடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு நிமிஷமும் எவ்வளவு எண்ணெய் போகிறது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். நோரீன் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடினாள். தாளைக் கோப்புக்குள் செருகினாள். டீ ரொம்ப நன்றாக இருந்தது என்றாள்.

டிம்ப்னா சட்டென்று எழுந்து, கோட்டு மாட்டும் வாசல் நடைக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் நோரீனின் கோட்டு இருந்தது. கிளம்பச் சொல்கிறாள் என்று நினைத்து நோரீனும் எழுந்து கையை நீட்டினாள். டிம்ப்னா கொடுக்கவில்லை. தோள் பக்கம் பிடித்து விரித்துக் காட்டினாள். நோரீன் ஒரு கையை நுழைத்தாள். மறு கையையும் நுழைத்தாள். மாலக்கி கண்ணை மூடிக்கொண்டான்.

டிம்ப்னா அவளைத் தன் பக்கம் திருப்பிக் கீழிருந்து பொத்தான் போடத் தொடங்கினாள். மருந்தால் மரத்துப்போன விரல்களுக்கு இரண்டாவது பொத்தான் அகப்படவில்லை. இரண்டு தடவை நழுவியது. நோரீன் அசையாமல் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கழுத்துப் பொத்தான்வரை போட்டு முடித்து, காலரையும் காதுவரை தூக்கிவிட்டாள் டிம்ப்னா.

"பேனாவத் தொற, கண்ணு" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.