மற்றப் பக்கத்து ரிக்கெற்

போன கிழமை பல் வைத்தியரிடம் போவதற்காக ஒஸ்லோவின் ஒதுக்குப்புறத்து ஸ்டோவ்னரில் ரயில் ஏறினேன். நகரத்து நடுவில் ஒரு பட்டாளமே உள்ளே வந்தது. எல்லாம் ஸ்கொட்லாந்து ஆட்கள். கட்டம் போட்ட பாவாடை, முழங்கால் வரை காலுறை, கையில் பியர்ப் பேணி. அன்று பின்னேரம் நோர்வேயோடு அவர்களுக்கு உதைபந்தாட்டம். வெளியில் நல்ல மழை. நனைந்த கம்பளியும் பியரும் சேர்ந்த மணம் பெட்டியை நிறைத்துவிட்டது. அடுத்த நிலையம் வருமுன் ரயில் சுரங்கத்துக்குள் நின்றுகொண்டது. ஏதோ அறிவித்தல் சொன்னார்கள், அவர்களின் பாட்டில் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவனின் முதுகுப்பைக்கும் இன்னொருவனின் வயிற்றுக்கும் நடுவில் நான் சப்பளிந்து நின்றேன்.

"ஐயோ, என்ரை கால்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல. பக்கத்தில் நசிபட்டுக்கொண்டிருந்த ஒரு பெடியன் முகம் மலர்ந்து, "அங்கிள் தமிழா? ஸ்ரீலங்காவா? நீங்க பேசறது கொஞ்சம் மலையாளம் மாதிரி இருக்கு" என்றான். சென்னையிலிருந்து வந்து கொம்பியூட்டர் வேலை செய்கிறானாம். கோபம் வந்ததுதான். ஆனால் கோபப்படக்கூட அங்கே இடமில்லை. "ஸ்காட்லாந்து போயிருக்கீங்களா அங்கிள்?" என்று அடுத்ததாகக் கேட்டான். போயிருக்கிறேனாவது! ஆற அமரச் சொல்லலாம் என்று வாயைத் திறக்கிறேன், சனியன் பிடித்த ரயில் அப்போது பார்த்து வெளிக்கிட்டுவிட்டது. அடுத்த நிலையத்தில் பெடியன் இறங்கிவிட்டான். அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நானும் குகனும் ஒஸ்லோவில், ரொம்மன் பக்கம் ஒரு வீட்டில் இன்னும் மூன்று பெடியளோடு இருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே பாண் பேக்கரியில் வேலை. குகன் பருத்தித்துறைப் பெடியன். கதை குறைவு, பிடிவாதம் கூட. அகதி என்றபடியால் எங்களிடம் கடவுச்சீட்டு இல்லை, நோர்வே தந்த பயணப் புத்தகம்தான். அதில் உலகத்தின் எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று போட்டு, ஒரே ஒரு நாட்டைத் தவிர என்றும் போட்டிருக்கும். அந்த ஒரு நாட்டில்தான் குகனின் தாய் தனியாக இருந்தா. அவன் அவவுக்கு ஒரே பிள்ளை. "பெரிய கூண்டு மச்சான். கதவு மட்டும் வீட்டுப் பக்கத்திலை இல்லை" என்று ஒருநாள் சொன்னான். அதற்கு மேல் அதைப் பற்றி அவன் கதைத்ததில்லை.

ஸ்கொட்லாந்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பேக்கரியில் எங்களோடு வேலை செய்த நோர்வேக்காரக் கிழவர் ஒருவர் உதைபந்தாட்டம் பார்க்கத் தன்னோடு துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிழக்குக் கரையில், மீனைப் புகைபோட்டு விற்கிற ஒரு சின்ன ஊர். மைதானத்தின் மதிலுக்கு அங்காலே கடல். காற்று அடித்தால் உப்புத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். குகன் நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். "இது எங்கடை கடல்தான்ரா" என்றான். முடிந்தது கதை! அன்றிலிருந்து அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகம் எங்கள் கழகம். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு ஒழுங்காகத் தோற்கிற கழகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு கிழவர் வராவிட்டாலும் நாங்கள் போனோம். ஒஸ்லோவில் சனிக்கிழமை என்றால் பெரிய பிள்ளையான பெட்டைக்குச் சாமத்தியவீடு, பிறந்தநாள், யாரோ ஒருவருடைய மண்டபம், நெஞ்சில் குத்திய பூ. போகாவிட்டால் அடுத்த சனிக்கிழமை விசாரணை. "உங்களை ஆரும் ஏதும் சொன்னவையோ?" என்று கேட்டுக் கேட்டே ஆளைச் சாக்காட்டிவிடுவார்கள். எங்கள் கழகம் போகிற ஊரெல்லாம் நாங்களும் போய், தகரக் கூரையின் கீழ் நின்று, நடுங்கி, தோற்று, திரும்பி வருவோம். அங்கே எங்களை ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சுகம் உங்களுக்கு விளங்குமோ தெரியாது.

ஒரு கோப்பை ஆட்டத்தில் எங்கள் கழகத்துக்குப் பெரிய ஊர்க் கழகம் ஒன்று வாய்த்தது. வெள்ளிக்கிழமை விமானத்துக்கு வெளிக்கிட உடுப்பு அடுக்குகிறோம், தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து குகனின் மாமா. யாழ்ப்பாணத்துச் செய்தி அந்த நாளில் அப்படிச் சுற்றித்தான் வரும். தாய் முதல் நாளே போய்விட்டா. கிரியையும் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது யாரோ ஒரு ஒன்றுவிட்ட தம்பியாம்.

குகன் தொலைபேசியை வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தான். நான் அவன் அழப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. காலுறையை மடித்துப் பையில் வைத்தான். "ஒருத்தருக்கும் சொல்லாதை. சொன்னால் இப்ப வீடு நிறையச் சனம் வரும். நான் மூலையிலை குந்தியிருக்கோணும், எல்லாரும் என்ரை முகத்தைப் பாப்பினம். என்னாலை ஏலாது. வா, போவம்" என்றான். செத்தவீட்டுத் துடக்கோடு, தீட்டுக் கழியமுன் பந்து பார்க்கப் போவதா? ஆனால் அவனைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கே போவது?

விமானத்தில் வைத்துத்தான் மெதுவாகக் கேட்டான்.

"எனக்கேன் மச்சான் அழுகை வரேல்லை? நான் என்ன கல்லோ?"

"வரும்ரா."

"வராட்டி?"

அவன் அதைக் கேட்ட விதத்தில் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இரவு முழுக்க அவன் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். விடிந்தும் அப்படியே.

இனி மைதானத்து நுழைவு ரிக்கெற் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் நேரே போய் வாங்கினால் ஏதோ ஏமாந்துவிட்டது போல இருக்கும். தெரிந்த ஆளைப் பிடித்து, அவர் மூலம் எடுத்தால்தான் நிம்மதி. அந்தப் பெரிய ஊரில் எனக்குத் தூரத்துச் சொந்தம் யோகண்ணை கடை வைத்திருந்தார். நான்தான் அவருக்குச் சொல்லி வைத்தேன். அவர் கடை வாசலிலேயே நின்று ரிக்கெற்றை நீட்டினார். "முன்னுக்கு, நல்ல இடமாப் பாத்து எடுத்தனான். என்ரை கடைக்கு வாற ஆக்கள் எல்லாரும் அங்கைதான் இருப்பினம். சோலி இல்லை!"

உள்ளே போய் இருந்த பிறகுதான் எனக்கு வியர்த்தது. சுற்றிவர ஒரே நிறத்துச் சால்வை. அத்தனையும் எதிராளிகளின் நிறம். எங்கள் கழகத்து ஆட்கள் மைதானத்தின் மற்ற முனையில், ஒரு கைப்பிடி. நடுவில் பொலிஸ். யோகண்ணை கடை வாடிக்கையாளர்களின் நடுவில் எங்களைக் கொண்டுபோய்ச் செருகிவிட்டார். நான் எங்கள் கழகத்துச் சால்வையைக் கழற்றி ஜக்கெற்றுக்குள் திணித்தேன். குகனுடையதையும் இழுத்து உள்ளே தள்ளினேன். எழும்பிப் போகலாமென்றால் வரிசையின் நடுவில் இருக்கிறோம். இரண்டு பக்கமும் பாறை மாதிரி மனிசர், முழங்கால் முன்கதிரையில் முட்டுகிறது. "பேசாமல் இரு. என்ன நடந்தாலும் முகத்தை அசைக்காதை" என்றேன். "சென்றியிலை நிண்ட ஆளுக்கு நீ இதைச் சொல்லித் தாறியோ?" என்றான் குகன்.

உண்மைதான். ஊரில் சோதனைச் சாவடியில் ஆமி கேள்வி கேட்கும்போது முகத்தை வெறுமையாக வைத்திருக்கப் பழகி வளர்ந்த ஆட்கள் நாங்கள். பயத்தையும் காட்டக்கூடாது, கோபத்தையும் காட்டக்கூடாது, மற்றவன் அடி வாங்கும்போது இரக்கத்தையும் காட்டக்கூடாது. அந்தப் படிப்பு ஒரு பந்து விளையாட்டில் கைகொடுக்கும் என்று யார் கண்டது! எதிராளிகள் கைதட்டும்போது நாங்களும் இரண்டு தட்டுத் தட்டினோம். எங்கள் கழகத்துப் பெடியன் விழுந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். கடிகாரம் நகரவே இல்லை.

இடைவேளைக்குச் சற்று முன், என்ன நினைத்தானோ எங்கள் ஆள் ஒருவன், தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். கோல்! எங்கள் கழகம், அந்தத் தோல்விக் கழகம், அந்தப் பெரிய கழகத்துக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டது. என் வயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பித் தொண்டை வரை வந்தது. பிடித்து விழுங்கினேன். சத்தியமாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்களைச் சுற்றி மயான அமைதி.

அந்த அமைதிக்குள் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன், குகன் குனிந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறான். விம்மல் இல்லை, ஒப்பாரி. "அம்மா... என்ரை அம்மா..." தோள் குலுங்குகிறது. அடக்கின மகிழ்ச்சி வெளியே வரப் பார்த்தபோது அதன் பின்னால் மற்றதும் சேர்ந்து வந்துவிட்டதாம். பிறகு அவன்தான் சொன்னான். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. சனம் முழுக்க எங்களைப் பார்க்கிறது, அடிதான் விழப்போகிறது என்று இருந்தேன்.

அவனுக்கு மற்றப் பக்கம் இருந்த மனிசன் மெல்ல எழும்பினான். சிவந்த கழுத்து, என் தொடை மொத்தத்தில் கை. அந்தக் கையைத் தூக்கிக் குகனின் தோளைச் சுற்றிப் போட்டு, அவனைத் தன் நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டான். "அழாதே மகன், இன்னும் நேரம் இருக்கு, நாங்கள் திருப்பிப் போடுவோம்" என்று அவர்களின் இங்கிலீஷில் சொன்னான். தங்கள் கழகம் கோல் வாங்கியதற்காகத்தான் இந்தக் கறுத்தப் பெடியன் இப்படிக் கதறுகிறான் என்று அவன் நினைத்துவிட்டான். பின்வரிசைக் கிழவி ஒருத்தி குகனின் முதுகைத் தடவினா. முன்னாலிருந்தவன் திரும்பிக் கைக்குட்டை நீட்டினான். அந்த வரிசை முழுக்க அவனுக்காகத் துக்கப்பட்டது. குகன் அந்த மனிசனின் ஈரக் கம்பளிச் சட்டையில் முகத்தை வைத்து, தாய்க்காக அழுது தீர்த்தான்.

இடைவேளையில் அந்த மனிசன் போய் ஒரு தேத்தண்ணியும், மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்து குகனின் கையில் வைத்தான். ஊரில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவரும். குகன் அதைப் பார்த்தான். "அயல்வீட்டுச் சாப்பாடு வந்திட்டுது மச்சான்" என்றான். துடக்குக்காரன் இறைச்சி தின்னக்கூடாது, கொண்டுவந்தவன் மனமும் நோகக்கூடாது. மேல் மாவை அவன் பிய்த்துத் தின்றான், உள்ளே இருந்த இறைச்சியைக் குனிந்து நான் தின்றேன். சாப்பாட்டு விஷயத்தில் நான் எந்த நண்பனையும் கைவிட்டதில்லை.

இரண்டாம் பாதியில் அவர்கள் திருப்பிப் போட்டார்கள். ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொரு கோலுக்கும் அந்த மனிசன் குகனைத்தான் முதலில் கட்டிப்பிடித்தான். "சொன்னேனா இல்லையா!" எங்கள் கழகம் சாகிறது, குகன் அவர்களின் நடுவில் தூக்கி ஆட்டப்படுகிறான், வீங்கின கண்ணோடு சிரிக்கிறான். வேறு என்ன செய்ய முடியும்? விளையாட்டு முடிந்ததும் அந்த மனிசன் கை காட்டிவிட்டுச் சனத்துக்குள் போய்விட்டான். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஒஸ்லோ திரும்பி எல்லோருக்கும் சொன்னோம். வீடு நிறையச் சனம் வந்தது. குகன் மூலையில் குந்தியிருந்து எல்லோருக்கும் ஒழுங்காக மறுமொழி சொன்னான். அழவில்லை. "கல்லு நெஞ்சுக்காரன்" என்று யாரோ குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. என்னத்தைச் சொல்வது?

இப்போது எங்கள் இருவரிடமும் நோர்வேக் கடவுச்சீட்டு இருக்கிறது. பேக்கரி இல்லை, பந்துக்குக் கூட்டிப்போன கிழவர் இல்லை, யோகண்ணை கடையை விற்றுவிட்டு மகளோடு லண்டனில் இருக்கிறார். இப்போது எந்த ஊருக்கும் போகலாம், ஆனால் முழங்கால் விடுகிறதில்லை. குகன் பருத்தித்துறைக்குப் போய் வந்தான். தாயின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் இல்லையாம். கிணறு மட்டும் பற்றைக்குள் கிடந்ததாம். அங்கே நின்றும் தனக்கு ஒன்றும் வரவில்லை என்றான்.

போன வருடம் அவன் தனியாக அந்தப் பெரிய ஊருக்குப் போனான். நான் கேட்காமலே வந்து சொன்னான். அந்த ஊர்க் கழகம் ஊருக்கு வெளியே புது மைதானம் கட்டிக்கொண்டு போய்விட்டது. பழைய மைதானத்தை இடித்து மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். நாங்கள் இருந்த பக்கம் எது என்று கண்டுபிடிக்கச் சுற்றிச் சுற்றி நடந்தானாம். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருக்கிறான். உள்ளே யாரோ சமைக்கிற மணம். யன்னலால் ஒரு பெண் எட்டிப் பார்த்து, யாரைத் தேடுகிறாய் என்று கேட்டாவாம்.

"என்னெண்டு சொல்லுறது மச்சான்? என்ரை அம்மான்ரை செத்தவீடு இஞ்சைதான் நடந்தது எண்டோ?"