கனம் பார்க்கும் முதலாளியும் கடைசி அட்டைச் சீட்டும்

குடும்பத்திலேயே முதல் பட்டதாரியான இதை எழுதுபவன், வேலைக்கு வந்த முதல் நாள், நியமனக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்தபடி அந்த அலுவலகத்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எதிர் மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்மணி தலை நிமிராமல் என்ன படிப்பு என்று கேட்டார். பட்டத்தின் முழுப் பெயரையும் கல்லூரியின் முழுப் பெயரையும் அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு பேனாவால் சுவரைக் காட்டினார்.

"அந்த விரிசல் ஆபத்தா, இல்லையா?"

அவன் ஈரப்பதம், வெப்பம், பூச்சு, சுருக்கம் என்று மூன்று நிமிடம் வெளுத்து வாங்கினான்.

"ஆபத்தா, இல்லையா?"

"இல்லக்கா."

"அதைத்தானே தம்பி கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார்.

டைப்பிஸ்ட் அக்கா என்றால் அந்தக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் தெரியும். பழைய கட்டடங்களைச் சோதித்து, உறுதியாக இருக்கிறதா என்று அறிக்கை தரும் நிறுவனம் அது. அதில் பத்தொன்பது வருடமாக அறிக்கை அடித்தவர் அவர். கணவர் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். இருநூறு பேருக்குச் சமைப்பவர், வீட்டில் வெந்நீர்கூட வைக்கமாட்டார் என்பது அக்காவின் நிரந்தரப் புகார்.

முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. கையெழுத்துப் போடுமுன் அறிக்கையை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால், "இன்னும் கொஞ்சம் சதை போடுங்கப்பா" என்று திருப்பிவிடுவார். பிரித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை. பொறியாளர்களும் மனிதர்கள்தானே, போன வருட அறிக்கையிலிருந்து சதையை வெட்டி ஒட்டினார்கள். ஒரு முறை, ஒற்றைத் தளக் கிடங்குக்குப் போன அறிக்கையில் லிஃப்ட் நல்ல நிலையில் இருப்பதாகப் பாராட்டே வந்துவிட்டது.

பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டடக் காவலாளி தொலைபேசியில் அக்காவைப் பிடித்து, எண்பது பக்கம் வந்திருக்கிறது, மொட்டை மாடிக்கு ஏறலாமா கூடாதா என்று கேட்டார். அக்கா, அந்த அறிக்கையை எழுதிய பொறியாளரிடமே போய்க் கேட்டார். அவர் மென்று விழுங்கினார். "சார், உங்க மாமியார் வீடா இருந்தாச் சொல்ல வேண்டாம். உங்க அம்மா வீடா இருந்தா என்ன சொல்வீங்க?" என்றார் அக்கா. ஏறக்கூடாது என்று பதில் உடனே வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு அறிக்கைக்கும் இதே கேள்வி. கிடைத்த பதிலை ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டில் எழுதி, கடைசி அட்டையின் உட்புறம் ஒட்டிவிடுவார். முதலாளிக்குத் தெரியாது. கனம் பார்க்கிறவர் கடைசி அட்டையைத் திறப்பாரா?

இரண்டு தெரு தள்ளி நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கியபோது வினை வந்தது. பறக்கும் கேமராவை ஏவி, இரண்டே நாளில் அறிக்கை தந்தார்கள். இங்கே மூன்று வாரம் ஆகும். வாடிக்கையாளர்கள் ஐந்து பேர் அடுத்தடுத்துக் கழன்றுகொண்டார்கள். முதலாளி கலங்கிப்போய், மேலாண்மை படித்த மருமகனை அழைத்தார். மாப்பிள்ளை ஒரு மென்பொருளோடு வந்து இறங்கினார். பத்தே நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் துப்பியது அது. முதலாளி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தபோது முகத்தில் பேரன் பிறந்த களை.

"அக்கா, அடுத்த மாசத்துல இருந்து நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று மாப்பிள்ளை பரிவோடு சொன்னார். ரெஸ்ட் எடுக்கிற வயசா என்று அக்கா வீட்டில் புலம்பினார். கணவர் வெங்காயம் நறுக்குவதுபோல நறுக்கென்று கேட்டார், அந்த மெஷினுக்கு அம்மா உண்டா என்று. அக்காவுக்கு அது ஆறுதலாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை.

மாதக் கடைசியில், ஒன்பது கிடங்குகள் வைத்திருந்த பெரிய வாடிக்கையாளரின் பராமரிப்பு மேலாளர் வந்தார். அவரும் போய்விட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். முதலாளி, மாப்பிள்ளை, பொறியாளர்கள் எல்லாரும் கூட்ட அறையில் கூடினார்கள். மேலாளர் மென்பொருள் அடித்த புது அறிக்கையைத் திருப்பிப் போட்டு, கடைசி அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"சீட்டு எங்க?"

யாருக்கும் விளங்கவில்லை. அவர் பையிலிருந்து கிளிப் போட்ட பதினோரு மஞ்சள் சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்து, ஒன்றை உரக்கப் படித்தார்: "ஏழாம் கிடங்கின் மேல் தொட்டியை இன்றே காலி செய்யவும். மற்றது அடுத்த வருடம் பார்க்கலாம். 12 முதல் 60 வரையுள்ள பக்கங்களைப் படிக்க வேண்டாம், போன வருடத்ததுதான். லிஃப்ட் பற்றி எழுதியதற்கு மன்னிக்கவும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அக்கா தன் கையெழுத்தால் மாட்டிக்கொண்டார். கூப்பிட்டார்கள், வந்து நின்றார்.

"நீ என்ஜினியராம்மா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க சார். கேட்டுத்தான் எழுதினேன்."

"யாரைக் கேட்டு?"

"ரிப்போர்ட் எழுதினவங்களைத்தான். அவங்களுக்கே அப்பத்தான் சார் தெரியும்."

பொறியாளர்கள் தரையைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். மேலாளர் மட்டும் சிரித்தார். தொட்டியைக் காலி செய்தபோது அதன் அடிப்பகுதிக் கம்பி துருப்பிடித்து உதிர்ந்ததாகவும், அறிக்கையில் அது அறுபத்தெட்டாம் பக்கத்தில் ஒளிந்திருந்ததாகவும் சொன்னார். "நான் படிக்கிறது சீட்டு மட்டும்தான். புத்தகம் பீரோவுக்கு. அந்தப் பசங்க ரெண்டு நாள்ல தர்றாங்க, சரி. ஆனா அவங்களும் நூறு பக்கம் தர்றாங்க. சீட்டு இருந்தா நான் இங்கேயே இருக்கேன்."

முதலாளி ஒரு சீட்டை எடுத்து, பழக்கதோஷத்தில் உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். பிறகு முதன்முறையாகப் படித்தார். வேலையில் இருக்கும்படி அக்காவைக் கேட்டுக்கொண்டார். அக்கா உடனே தலையாட்டவில்லை. இத்தனை வருடம் பயந்து பயந்து ஒட்டியது போதும், இனி அறிக்கையை எழுதிய பொறியாளரே சீட்டின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எழுபது பக்கத்துக்குக் கூசாமல் போட்டவர்கள், ஒரு வரிக்குப் போடுமுன் பேனாவை மூடி வைத்தார்கள். மறுபடி கட்டடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இப்போது சீட்டு முதல் பக்கமாகிவிட்டது. இரண்டாம் நாளே போய்ச் சேருகிறது. மாப்பிள்ளை அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்தார், யாரும் சொல்வதில்லை. மென்பொருள் பின்பக்கங்களை எழுதுகிறது, கேட்டவர்களுக்கு மட்டும். போன ஐவரில் இருவர் திரும்பினார்கள். அக்காவுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. அதே மேசையில் இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பொறியாளர்களோடு கட்டடங்களுக்குப் போகிறார். அவர் கணவர் இன்னும் வெந்நீர் வைப்பதில்லை.