வாசல் சிலைக்குக் கண் திறந்தவள்

வில்லாபுரத்தில் பாண்டியம்மாளின் அரிவாளுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. இளநீர் சீவுகிற அரிவாள்தான். வாய் பேசிக்கொண்டே, காயைப் பார்க்காமலே அவள் சீவுகிற வேகத்தில் எதிரே நிற்பவன் தன் விரல்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வான்.

பழைய காலனி இருந்தபோது, தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் சுருளி அவள் புருஷன் அழகுபாண்டியை வாசற்படியிலேயே வெட்டிச் சாய்த்தான். ரத்தம் குடத்துத் தண்ணீரோடு கலந்து சாக்கடைக்கு ஓடியது. திறந்தபடி கிடந்த புருஷனின் கண்களை அவள்தான் மூடினாள். சுருளி ஜெயிலுக்குப் போய்த் திரும்பி, மீசையை மழித்து, வெள்ளை வேட்டியில் பெரிய மனுஷனாகிவிட்டான். அவன் எதிரே வந்தால் அவள் சந்து மாறிப் போய்விடுவாள். அந்த முகத்தில் முழிக்காமல் சாக வேண்டும், அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

காலனியை இடித்து அடுக்குமாடி எழுப்பினார்கள். வாசலில் சுடுமண் சிலை செய்ய ஜனகராஜ் என்கிற சிற்பியைப் பிடித்தார்கள். இங்கே வாழ்ந்த ஜனங்களின் முகமாக இருக்கட்டும் என்றது குடியிருப்போர் சங்கம். அந்தப் புண்ணியவான் பழைய திருவிழாப் போட்டோ ஒன்றை வாங்கி, இருப்பதிலேயே நல்ல மீசையாகப் பார்த்து எடுத்துக்கொண்டான். ஆள் யார், என்ன என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கையில் அரிவாளும் கொடுத்துவிட்டான். அரிவாள் பிடித்த சிலையைக் கண் திறக்காமல் வைத்தால் ஆகாது என்று கொத்தனார்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். சாமிக்குச் செய்வதுபோல முகத்தைத் துணியால் மூடி, நாள் குறித்தார்கள்.

பாண்டியம்மாளின் இளநீர் வண்டி நிற்பது அதற்கு நேர் எதிரே. பழைய ஆட்களில் மூத்தவள் என்று அவளையே கண் திறக்கக் கூப்பிட்டார்கள்.

"மையத் தொட்டுக் கருவிழிய வைங்கம்மா, அம்புட்டுத்தான்" என்றான் ஜனகராஜ்.

துணி விலகியது. மீசையோடு இருந்தது சுருளியின் பழைய முகம். கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற சுருளிக்கும் தன் முகம் அப்போதுதான் தெரிந்தது.

"என் புருஷன் கண்ண மூடுன கை இது. இவன் கண்ணத் தெறக்கச் சொல்றீகளா?"

மைக்கிண்ணம் பறந்தது. வண்டிக்கு ஓடி அரிவாளோடு வந்து மேடை ஏறினாள். முதல் வெட்டில் மூக்கு போனது, அடுத்ததில் கண். தெறித்த சில்லு அவள் கன்னத்தைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைக்காமல் வெட்டினாள். தடுக்கப் போன காவலாளி சின்னச்சாமி, வீச்சைப் பார்த்துச் சுவரேறிக் குதித்தான். வயிறு எரிந்தவளின் வெட்டு அது, எவன் நிறுத்துவான்?

முகம் இருந்த இடத்தில் வெறும் பொத்தல் மிஞ்சியதும் அவள் இறங்கிச் சுருளியை நோக்கி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவன் கண்களைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

"கைய எட்றா. என்னையப் பாரு" என்றாள்.

அவன் எடுக்கவில்லை.