ஆறரைக் கிலோ குறைவு

சேவியர் போய்விட்டான் என்று அவன் மனைவி ஸ்டெல்லா போன் செய்தபோது, சிதம்பரம் கீழவீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணா, காலைல நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே..." நாற்பத்தாறு வயது. கல் மாதிரி உடம்பு. "அநியாயம்டா சேவியர்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் போட்டிக்கு சிடி அனுப்பிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முதுநகர் ஐஸ் பேக்டரியில் அவன் மேஸ்திரி. வேலை முடிந்தால், பக்கத்து ஷெட்டில் அவன் நடத்திய ஜிம். சுற்றுவட்டார ஜிம்காரர்களை ஒரே இடத்துக்கு வரவழைத்துப் போட்டி வைக்க எங்களுக்கு வசதி கிடையாது. 2006இல் அவன்தான் வழி சொன்னான்: "அவனவன் அவனவன் ஜிம்முலயே தூக்கட்டும் மச்சான். வீடியோ புடிச்சி சிடில போட்டு அனுப்பட்டும். நாம பாத்து லிஸ்ட் போடுவோம்." தபால் போட்டி என்று பெயர் வைத்தோம். தரையில் கிடக்கும் கம்பியைத் தூக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என்றைக்குத் தூக்கியது என்பதற்குச் சாட்சியாக, அன்றைய செய்தித்தாளும் வீடியோவில் தெரிய வேண்டும். கம்பியில் மாட்டும் இரும்புத் தட்டுகளைத் தராசில் வைத்தும் காட்ட வேண்டும்.

வந்த சிடிக்களைப் பார்ப்பதே திருவிழாதான். பண்ருட்டிக்காரர்கள் பலாப்பழ மண்டித் தராசில் தட்டை வைத்தார்கள். "யோவ், பழத்த எறக்கணும், சீக்கிரம்" என்று யாரோ கத்துவதும் பதிவாகியிருந்தது. மங்கலம்பேட்டை சிடியில் தூக்குபவன் முகம் மட்டும்தான். படம் பிடித்தவர் அவன் மாமா. மருமகன் அழகாகத் தெரியட்டும் என்று கிட்டே போய்விட்டார். "கம்பியவே காணோம் மச்சான், இந்த மூஞ்சி எதுக்கு இப்படி முக்குது?" என்று சேவியர் சிரித்த சிரிப்பில் நாற்காலிக் கால் உடைந்தது. பிறகு உட்கார்ந்து அந்தப் பையனுக்குக் கடிதம் எழுதி, மறுபடி தூக்கி அனுப்பச் சொன்னான்.

எனக்கு நாற்பது வயதான வருஷம், இருநூறு கிலோ தூக்கியே ஆக வேண்டுமென்று வெறி. சிதம்பரத்தில் நான் நடத்தும் ஜிம்மில் அவ்வளவு தட்டு இல்லாததால் முதுநகர் போய் அவன் தட்டுகளில் தூக்கினேன். சேவியர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டான். அதே தட்டுகளில் அவனும் தூக்கினான். அவன் எடைப் பிரிவில் முதலிடம். சிதம்பரத்தில் எனக்கு டிஜிட்டல் பேனரே வைத்தார்கள்: 'இருநூறு கிலோ நாயகன்'.

ஊரையே எடை போடச் சொன்னவன், தன் தட்டை மட்டும் எடை போடவில்லை. நானும் கேட்கவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் நாங்கள்தானே, அந்தத் திமிர். முடிவுகளை அனுப்ப இருந்த அன்று ஏதோ உறுத்தி, மீன் பெட்டி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறான். தட்டுகளில் பொறித்திருந்ததைவிட மொத்தம் ஆறரைக் கிலோ குறைவு.

"நூத்தித் தொண்ணூத்தி மூணரைன்னுதான் போடுவேன்" என்றான் போனில்.

"யாருக்குடா தெரியப் போவுது?"

"எடை போட்ட எனக்குத் தெரியும்ல மச்சான்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். எட்டு மாதம் பேசவில்லை. அவன் அனுப்பிய முடிவுக் கவரைப் பிரிக்காமலே மேஜைக்குள் எறிந்தேன். முழு லிஸ்ட் எங்கள் இருவருக்கு மட்டும்தான்; மற்றவர்களுக்கு அவரவர் முடிவுதான் போகும். பேனரையும் கழற்றவில்லை. ஒருநாள் அவனே பஸ் ஏறி வந்து, "பசிக்குது, சோறு போடு" என்றான். அதோடு சண்டை தீர்ந்தது. அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நான் மட்டும் வெளியில் இருநூறு என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஸ்டெல்லாவின் போன் வந்த பிறகு, கிளம்புமுன் அந்தக் கவரைத் தேடி எடுத்துப் பிரித்தேன். என் பெயருக்கு நேராக 193.5. கொஞ்சம் கீழே அவன் பெயர், குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் அவன் கையெழுத்து: 'தட்டை எடை போடாமல் போட்டி நடத்தியவர். நீக்கப்பட்டார்.' நான்கு வருஷமாக இதை நான் பார்க்கவே இல்லை. அவனும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி. மேஜை மேலேயே தலை சாய்த்து அழுதேன்.

அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் முதுநகர் போனேன். அவன் நினைவாக என்னிடம் இருக்கப்போவது அதுதான். பந்தலில் பண்ருட்டிக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டி, "இவருதான் இருநூறு கிலோ தூக்குனவரு" என்றார்.

"இல்லங்க" என்றேன். "நூத்தித் தொண்ணூத்தி மூணரை. உள்ள படுத்திருக்கானே, அவன் எடை போட்டது."